சுருளிப்பட்டியில் ஆறு நாள்

ஜனவரி 13, செவ்வாய்

காலை ரயிலில் மதுரையிலிருந்து தேனி. 2010 டிசம்பர் கடைசியில் மீட்டர்கேஜை நிறுத்தியபோது, என் காலத்தில் இந்தப் பக்கம் இனி ரயில் வராது என்று அலுவலகத்தில் ஒருவரிடம் நூறு ரூபாய் பந்தயம் கட்டினேன். 2022 மே மாதம் தேனிக்கு வந்துவிட்டது, அடுத்த வருஷம் போடிக்கும் போய்விட்டது. பந்தயம் கட்டியவர் இப்போது இல்லை. நூறு ரூபாய் மிச்சம் என்று சிரிக்கவும் முடியவில்லை.

தேனி பேருந்து நிலையத்துக்குப் பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுவிக் பெயர். கம்பத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து வீடு சேரும்போது மணி இரண்டு. தம்பி மகன் வாசலில் நின்று, "பெரியப்பா, சுண்ணாம்பு இன்னும் காயலை, சுவத்துல சாஞ்சிராதீங்க" என்றான். சொல்லி முடிப்பதற்குள் சாய்ந்துவிட்டேன்.

இந்த முறை ஒரு வேலையோடு வந்திருக்கிறேன். மகள் இங்கிலாந்தில் ஃப்ரிம்லி பக்கம் இருக்கிறாள். போன வாரம் போனில், "அப்பா, இங்க குக்கிராமத்துக்குக்கூட ஒரு வரலாற்றுப் புத்தகம் இருக்கு. சர்ச் வாசல்ல அடுக்கி வச்சிருக்காங்க, பெட்டியில காசு போட்டுட்டு எடுத்துக்கலாம். நம்ம ஊருக்கு நீங்க எழுதுங்களேன். முப்பத்தி நாலு வருஷம் ஊர் ஊரா அளந்தீங்கல்ல" என்றாள். அளக்கிறது வேறு, எழுதுகிறது வேறு என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

அவர்களுக்கு எழுதுவது எளிது. 1086-இல் ஒரு ராஜா எந்த ஊரில் எத்தனை ஏர், எத்தனை மாவு மில் என்று எண்ணி எழுதி வைத்தான். வரி போடத்தான், வேறெதற்கு. 1538-இலிருந்து பிறப்பு, கல்யாணம், அடக்கம் மூன்றையும் கோயில் பாதிரியார் ஏட்டில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. பக்கத்தைப் புரட்டினால் ஊர் வந்துவிடும். இங்கே என் ஆத்தாள் பிறந்த வருஷத்தைக் கேட்டால், "மூத்தவ பெரிய மனுஷியான வருஷம், ஆத்துல வெள்ளம் வந்துச்சே, அப்ப" என்பாள். எந்த மூத்தவள், எந்த வெள்ளம்?

ஜனவரி 14, புதன். போகி

விடிகாலை நாலே முக்காலுக்கு ஜீப் ஹாரன் எழுப்பிவிட்டது. ஏலத்தோட்டத்து வேலைக்கு ஆள் ஏற்ற வந்த ஜீப். தூக்குவாளியும் தலையில் துண்டுமாகப் பெண்கள் முண்டியடித்து ஏறினார்கள். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் தினம் மலையேறி, காய் எடுத்துவிட்டு, பொழுது சாயத் திரும்புகிறவர்கள். போகியன்றைக்குமா என்று தம்பி பொண்டாட்டியைக் கேட்டேன். "நாளைக்கு லீவுல்ல மாமா, இன்னிக்கி கூலிதான் நாளைக்கி கரும்பு" என்றாள். 2011 டிசம்பரில் கேரளாவோடு பெரியாற்று அணைத் தகராறு முற்றியபோது இந்த ஜீப்புகள் ஒன்றும் ஓடவில்லை. தோட்டங்களில் தங்கியிருந்தவர்களும் குழந்தை குட்டிகளோடு மலையிறங்கி வந்தார்கள். தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கூலியும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. அணையைப் பற்றி மேடையில் பேசுகிற யாரும் இந்த இரண்டாவதைச் சொல்லிக் கேட்டதில்லை.

காலையில் காப்புக் கட்டு. கூரைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்து வாசல் நிலையிலும் தோட்டத்துக் கிணற்றடியிலும் செருகினோம். திராட்சைப் பந்தலுக்கும் ஒரு கொத்து. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே கொடி. உள்ளே போனால் குனிந்துதான் நடக்க வேண்டும். ஊருக்குள் நிமிர்ந்து நடக்கிறவர்களைப் பார்த்து, "இவனுக்குப் பந்தல் கிடையாது போல" என்று அப்பா கேலி பேசுவார். இங்கே விளைகிற பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற ஊர்களில் வருஷத்துக்கு ஒரு அறுப்பு என்றால், இங்கே கவாத்து பண்ணிப் பண்ணி வருஷம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் குலை தொங்கிக்கொண்டே இருக்கும். குறியீட்டுக்குப் பிறகு விலை கூடியதா என்று தம்பி மகனைக் கேட்டேன். "பேரு கூடிருச்சு பெரியப்பா." அவன் கவலையெல்லாம் செவட்டை நோயும், பழுக்கிற நேரத்து மழையும்தான். ஒரு ராத்திரி மழையில் பழம் வெடித்துவிட்டால் வியாபாரி பந்தலுக்குள் தலைகூட நீட்டமாட்டான்.

மதியம் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினேன். அப்பாவின் காங்கிரஸ் ரசீதுகள், கரையான் தின்ற ஜாதகம், அடியில் ஒரு தீர்வை ரசீது. பசலி 1346. அதோடு 590 கூட்டினால் 1936; அந்த ஜூலையில் தொடங்கிய வருஷம். தாத்தா பெயர் இருக்கிறது, "மகன்" என்ற சொல்லுக்கு முன்னால் அவருடைய தகப்பனார் பெயரும் இருக்கிறது. எழுபதை நெருங்குகிற எனக்குப் பூட்டன் பெயர் இன்றைக்குத்தான் தெரிகிறது. அதுவும் வரி கட்டியதால். இங்கிலாந்து ராஜாவைப் பற்றி நேற்று எழுதியதைக் கொஞ்சம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ரசீதில் நிலம் ஏக்கர், சென்ட் கணக்கில். மகளுக்கு இதை எழுத வேண்டும். பழைய புலப்படங்களில் எல்லாம் லிங்க்ஸ் கணக்குத்தான். அறுபத்தாறு அடிச் சங்கிலி, நூறு கண்ணி, பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். 1620 வாக்கில் கண்டர் என்ற வெள்ளைக்காரக் கணித அறிஞர் வகுத்த சங்கிலி அது. அவள் இருக்கிற ஊர்ப் புல்வெளியை அளந்ததும் எங்கள் கிணற்றடியை அளந்ததும் ஒரே நீளம். எங்கள் பரம்பரைக்கும் அவர்களுக்கும் நடுவில் இரும்பில் ஒரு உறவு உண்டென்றால் அது இதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அந்தச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன். வெயிலில் சூடேறி, சட்டைக்கு மேலேயே தோலைப் பதம் பார்க்கும்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

அக்காவைக் கட்டிக்கொடுத்தது பாலார்பட்டியில். பிறந்த வீட்டுச் சீரை நேற்றே கொடுத்திருக்க வேண்டும். பெட்டியைக் குடைந்ததில் பொழுது போய்விட்டது. இன்று இருட்டோடு கிளம்பினோம். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, வாழைத்தார், சேலை, கட்டு கரும்பு. கரும்பு பைக்கில் ஏறவில்லை என்று கார் பிடித்தோம்.

சின்னமனூரைக் கடக்கும்போது வண்டியோட்டிக்குச் செப்பேட்டுக் கதை சொன்னேன். அந்த ஊரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள்தான், பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் தங்கள் குலத்துப் பெருமையாகச் சொல்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. எனக்குச் செப்பேடுகளில் பிடித்தது வேறு. நிலம் கொடுத்தால் பெண் யானையை நடக்கவிட்டு, அது சுற்றி வந்த தடத்தை எல்லையாக எழுதிக்கொள்வார்கள். சங்கிலியும் இல்லை, சர்வேயர் கைக்கு எண்ணெய் தடவும் வேலையும் இல்லை. வண்டியோட்டி, "இப்பவும் யானைதான சார் எல்லை அளக்குது" என்றான். அரிக்கொம்பனைச் சொல்கிறான். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

பாலார்பட்டியில் ஜனவரி 15 என்றால் பென்னிகுவிக் பிறந்தநாள். 1841-இல் பூனாவில் பிறந்தவர். அவர் படத்துக்கு மாலை போட்டு, வரிசையாகப் பானை வைத்து, ஊரே பொங்கல் வைக்கிறது. பானை பொங்கும்போது குலவை. மேளம், பிள்ளைகள் கூச்சல், புகை. கோட்டும் மீசையுமாக ஒரு வெள்ளைக்காரர் படம், அதன் முன்னால் தேங்காய் உடைத்து வெற்றிலை பாக்கு. முதலில் பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வரும். அக்கா கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து அவள் பேச்சைக் கேட்கிறவன் நான், எனக்கு வராது. "வெள்ளாமை வீட்டுக்கு வந்தா யாரு குடுத்தாங்களோ அவகளுக்குத்தான முதச் சோறு" என்பாள்.

சாப்பிட்ட பிறகு மச்சானோடு வழக்கமான சண்டை. பென்னிகுவிக் பெண்டாட்டி நகையையும் இங்கிலாந்துச் சொத்தையும் விற்று அணையைக் கட்டினார் என்று மச்சான். மேடையிலும் சினிமாக்காரர் பேச்சிலும் கேட்டுக் கேட்டு அது ஊர் வேதமாகிவிட்டது. அரசாங்கக் கணக்கில் இதற்கு ஆதாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த வேலையில் இருந்த மெக்கன்சி என்ற பொறியாளர் திட்டத்தின் முழு வரலாற்றையும் புத்தகமாக எழுதியிருக்கிறார். செலவு சென்னை அரசாங்கத்தின் செலவு, அதாவது நம்மிடம் வாங்கிய தீர்வை. பூட்டனும் கொடுத்திருப்பார்.

"அப்ப அந்த மனுசன் ஒண்ணுமே பண்ணலயா?" என்றார் மச்சான்.

பண்ணினார். அதைத்தான் சொல்லமாட்டேன் என்கிறீர்கள் என்றேன். மேற்கே பாய்ந்து அரபிக்கடலில் விழுகிற ஆற்றை மலைக்குள் மறித்து, ஒன்றே முக்கால் கிலோமீட்டர் பாறையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டது சும்மாவா? யோசனை அவருடையது மட்டுமில்லை. ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை 1789-லேயே ஆளனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். 1808-இல் கால்டுவெல் என்ற கேப்டன் பார்த்துவிட்டு நடக்காது என்று எழுதினார். 1867-இல் ரைவ்ஸ் மண் அணை போடலாம் என்றார். தாது வருஷப் பஞ்சத்தில் 1876 முதல் ஜனம் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகுதான் அரசாங்கம் கோப்பைத் தூசி தட்டியது. 1887-இல் வேலை தொடங்கி, வெள்ளத்தில் அடித்துப்போனதைத் திரும்பத் திரும்பக் கட்டி, 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்து வைத்தார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து 176 அடி. இதற்கு மேல் நகை எதற்கு?

மச்சான் சமாதானமாகவில்லை. "நகைய வித்தார்னாதான்டா மனசுல நிக்குது" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மெக்கன்சியை யார் மனசில் வைத்திருக்கிறார்கள்?

இன்னொன்றும் அவரிடம் சொல்ல நினைத்து விட்டுவிட்டேன். அணை முதலில் இந்தப் பள்ளத்தாக்குக்காகக் கட்டப்பட்டதில்லை. மதுரை, மேலூர்ப் பக்கத்து வயலுக்குத்தான். நாம் வழியில் இருந்தோம். அதற்கு முன்பும் உத்தமமுத்து, பாளையம் பரவு என்று வாய்க்கால்கள் வெட்டி ஆண்டவர்கள் இருந்தார்கள். பெரியாற்றுத் தண்ணீர் அந்தப் பழைய வாய்க்கால்களை வற்றாமல் பார்த்துக்கொண்டது, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' பதினான்காயிரத்து எழுநூற்று ஏழு ஏக்கர், இரண்டு போகம். மருமகனின் வயலில் இரண்டாம் போகம் பச்சை கட்டி நிற்கிறது. வரப்பில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப் பொங்கல்

கம்பம் நந்தகோபாலசாமி கோயிலுக்குப் போனோம். கோயில் என்றால் கோயிலில்லை, தொழு. தம்பிரான் மாட்டுத்தொழு. கருவறையில் தேடினால் சிலை கிடையாது. மாடுதான் சாமி, பட்டத்துக்காளைதான் மூலவர். வீட்டில் முதல் கன்றை இங்கே விடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. கன்னடம் பேசும் கவுண்டமார் பரம்பரையாக நடத்துகிறார்கள், எல்லாச் சனமும் வந்து கும்பிடுகிறது. கூட்டத்தில் ஒரு பாட்டி காளையின் காதில் எதையோ நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். காளை காதை ஆட்டிக்கொண்டு கேட்டது.

தொழுவில் மாடு பெருகினாலும் மலையில் குறைகிறது. மலைமாடு என்று ஒரு இனம் இங்கே. தீவனம் போட்டு வளர்ப்பதில்லை, பட்டி பட்டியாக மேகமலைப் பக்கம் ஓட்டிப்போய் மேய்த்து வருவார்கள். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் காட்டுக்குள் மேய்ச்சலே கூடாது என்றது, பிறகு சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. சுருக்கினாலும் இந்தப் பக்கத்து மலை அதற்குள்தான் வருகிறது. பட்டிக்காரர் ஒருவரிடம் பேசினேன். இருநூறு உருப்படி இருந்த பட்டியில் இப்போது அறுபதாம். புலிக்கும் இடம் வேண்டும்தான் என்று நான் சொன்னதை அவர் மறுக்கவில்லை. "புலிக்கு நாங்க எடஞ்சல் இல்ல சார், எங்கள அதுக்குத் தெரியும்" என்றார். எனக்கு இதில் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை.

மாடு பிடிபட்ட கதை இந்த மாவட்டத்தில் ரொம்பப் பழசு. 2006-இல் புலிமான்கோம்பையில், வைகைக் கரையில், தமிழ்ப் பிராமி எழுத்தோடு நடுகற்கள் கிடைத்தன. அதில் ஒன்று கூடல் ஊர் ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், செத்தவனுக்கு நட்ட கல். அந்தக் கூடல் ஊர் நம்ம கூடலூரா என்று கேட்டால் கூடலூர்க்காரர்கள் ஆமாம் என்று சத்தியம் பண்ணுவார்கள். மகளுக்கு எழுதும் புத்தகத்துக்கு இது நல்ல தொடக்கம். அவர்கள் 1086-இல் ஏரை எண்ணினார்கள். நாம் அதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் மாட்டுக்காகச் செத்தவன் பெயரைக் கல்லில் வெட்டிவிட்டோம். ஆனால் அதன்பிறகு என் பூட்டன் பெயருக்குத் தகரப் பெட்டி வரை வர வேண்டியிருக்கிறது. நடுவில் என்ன ஆயிற்று?

ஜனவரி 17, சனி

கால் வீங்கிவிட்டது. வெளியே போகவில்லை.

மகள் ஃப்ரிம்லி கல்லறைத் தோட்டத்துப் படங்கள் அனுப்பினாள். புனித பேதுரு ஆலயம். ஈரப் புல், சாய்ந்த கற்கள், நடுவே பென்னிகுவிக்கின் சிலுவை. 1911 மார்ச்சில் பக்கத்து ஊரான கேம்பர்லியில் இறந்திருக்கிறார். அதே தோட்டத்தில் பிரெட் ஹார்ட் என்ற அமெரிக்கக் கதாசிரியரும் இருக்கிறாராம். அவரைத் தேடி வருகிறவர்களைவிடத் தேனிக்காரர்கள்தான் அதிகம் வருவார்கள் என்று நினைக்கிறேன். கல்லின் மேல் யாரோ ஒரு மஞ்சள் துண்டு வைத்திருந்தார்களாம்.

கேம்பர்லிக்கு முதலில் கேம்பிரிட்ஜ் டவுன் என்று பெயர். கடிதமெல்லாம் கேம்பிரிட்ஜுக்குப் போய்விடுகிறது என்று 1877-இல் பெயரை மாற்றினார்கள். நம்ம கூடலூர்க் கடிதம் நீலகிரிக்குப் போய் எத்தனை கல்யாணத்துக்கு ஆள் வராமல் போயிருக்கிறது! யாராவது மாற்றினார்களா?

தம்பி மகன் மருந்தடித்துவிட்டு வந்து குளித்து, பக்கத்தில் உட்கார்ந்து அரிக்கொம்பன் கதை சொன்னான். சின்னக்கானலில் ரேஷன் கடை அரிசியைத் தேடித் தேடித் தின்ற யானை. 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே 27 காலையில் கம்பம் தெருவில் நின்றது. ஊருக்கு 144. அடுத்த நாட்களில் சுருளிப்பட்டிப் பக்கம், சண்முகாநதி அணைப் பக்கம் என்று சுற்றியது. "ராத்திரி பந்தல்ல கம்பி அறுந்து விழுற சத்தம் கேட்டா, காத்தா யானையான்னு படுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தோம் பெரியப்பா." கம்பத்தில் அடிபட்ட ஒருவர் இறந்துபோனார். ஜூன் 5-இல் திரும்பப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். அது நடந்த தடத்தை நான் படத்தில் குறித்துப் பார்த்தேன். சும்மா, பழக்க தோஷம். கேரளா, தமிழ்நாடு எல்லைக்கோடு ஒன்றையும் அது மதிக்கவில்லை. 1886 அக்டோபரில் திருவிதாங்கூரும் வெள்ளைக்காரனும் போட்ட 999 வருஷக் குத்தகைப் பத்திரம், எட்டாயிரம் ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய், அதுவும் யானைக்குத் தெரியாது.

அணை வேலைக்கு மலையேறியவர்களில் காய்ச்சலில் செத்தவர்கள் ஏராளம். லோயர் கேம்ப்பில் 2013-இல் திறந்த மணிமண்டபத்தில் பென்னிகுவிக்குக்குச் சிலை இருக்கிறது. சுர்க்கி சுமந்தவர்களுக்குப் பெயர்ப் பலகை வைக்க வேண்டுமென்றால் முதலில் பெயர் வேண்டும்.

ஜனவரி 18, ஞாயிறு. தை அமாவாசை

வீங்கின காலோடு சுருளிக்குப் போனேன். வண்டிகள் சாரை சாரையாக. அருவிக்குப் போகிற வழியில் குரங்குகள் பிண்டத்துக்குக் காத்திருந்தன. தண்ணீர் ஊசியாகக் குத்தியது.

கரையில் ஐயர் முன்னால் இலை போட்டு உட்கார்ந்தேன். அப்பா பெயர் கேட்டார். தாத்தா பெயர் கேட்டார். அதற்கு மேலே கேட்டபோது, போன வருஷம்வரை "தெரியாது சாமி" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். இன்று பூட்டன் பெயரைச் சொன்னேன். அவருக்கு அது ஒரு பெயர், எள்ளையும் தண்ணீரையும் விடச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். என் கைதான் கொஞ்சம் நடுங்கியது.

அம்மா பெயர். அப்பாவைப் பெற்ற ஆத்தாள் பெயர். பூட்டி பெயர்?

ரசீதில் பூட்டிக்கு இடமில்லை. அவள் பெயரில் நிலமில்லை. "தெரியலேன்னா கங்கான்னு சொல்லுங்கோ, எல்லாரும் அப்படித்தான் சொல்றா" என்றார். சுருளியில் உட்கார்ந்துகொண்டு கங்கை எதற்கு? "சுருளி" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சரி என்று அதையே சொன்னார்.

வேட்டியைப் பிழிந்து உடுத்துவதற்குள் வனத்துறைக்காரர்கள் விசில் அடித்தார்கள். மேலே யானைத் தடம் தெரிகிறதாம், கூட்டத்தைக் கீழே இறங்கச் சொல்கிறார்கள். தம்பி மகன் கையைப் பிடித்துக்கொண்டான்.